வெளிச்சத்தில் ஓடிய படம்

அஸ்தம்பட்டியில் ஏற்காட்டுச் சாலையை ஒட்டிய ஒரு மாடிக் கட்டடத்தில் மண்டல விரிவாக்கச் செயல்திறன் மேம்பாட்டு நிலையம் என்று ஓர் அலுவலகம் நடந்துவந்தது. அந்த அலுவலகத்துக்கு ஒரு புரொஜக்டர் வந்து சேர்ந்தது. கையில் தூக்கிப் போகிற வகை. டிபன் கேரியரைவிடக் கொஞ்சம் அகலம், எடை அதைவிடக் குறைவு. சேலம், நாமக்கல் பக்கத்து மரவள்ளித் தோட்டங்களில், அந்தப் பக்கத்தார் சொல்கிற குச்சிக்கிழங்குக் காடுகளில், மாவுப்பூச்சி பரவிக்கொண்டிருந்த சமயம் அது. பூச்சியை ஆரம்பத்திலேயே கண்டுபிடிப்பது எப்படி என்று ஒரு சின்னப் படம் எடுத்திருந்தார்கள். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டுவதற்காகத்தான் கருவியை வாங்கினார்கள்.

வாங்கியவுடன் காட்டிவிட முடியாது. பெயரிலேயே செயல்திறன் இருக்கும் நிலையம் என்பதால், மதிப்பீட்டில் தேறாத எந்தப் பொருளும் அங்கே செயல்படக் கூடாது. முந்தைய வருஷம் வந்த தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் இன்னும் மதிப்பீட்டில்தான் இருந்தது. ஊழியர்கள் வீட்டிலிருந்து பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தார்கள்.

புரொஜக்டருக்கும் ஒரு குழு அமைத்தார்கள். தலைவர், இணை இயக்குநர் மருதாசலம். நிதி உறுப்பினர், கணக்கு அலுவலர் சபரிநாதன். தொழில்நுட்ப உறுப்பினராகக் கள உதவியாளர் அமுதவல்லியைப் போட்டார்கள். ஒரு தடவை பிரிண்டருக்குள் சிக்கிய காகிதத்தைக் கிழியாமல் உருவி எடுத்தவள் அவள்தான். அதற்குமேல் அவளுக்குத் தொழில்நுட்பம் தெரியும் என்று யாரும் சொன்னதில்லை, தெரியாது என்றும் சொன்னதில்லை.

முதல் மதிப்பீடு கூட்ட அரங்கில், காலை பதினொரு மணிக்கு. அரங்கில் கிழக்கு முழுக்க ஜன்னல். திரைச்சீலை போட்டால்தான் படம் தெரியும் என்று பெட்டியோடு வந்த புத்தகத்தில் இருந்தது. ஆனால் திரைச்சீலைக்குத் தனியாக ஒப்பந்தப்புள்ளி கேட்க வேண்டும். கேட்பதென்றால் புரொஜக்டருக்குத் திரைச்சீலை தேவை என்று முதலில் மதிப்பீட்டில் நிரூபணமாக வேண்டும்.

பெட்டியை இயக்கினார்கள். மெல்லிய காற்றுச் சத்தம் வந்தது. வெள்ளைத் திரை வெள்ளையாகவே இருந்தது. மருதாசலம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். சபரிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். ஓர் அதிகாரி மற்றோர் அதிகாரியைப் பார்க்க, இருவரும் சேர்ந்து அமுதவல்லியைப் பார்த்தார்கள்.

"என்னம்மா, தெரியுதா?" என்றார் மருதாசலம்.

அவர் மேஜையில் அவளுடைய விடுப்பு விண்ணப்பம் கிடந்தது. மகள் தனப்பிரியாவுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து வைத்திருந்தாள். பத்திரிகை அடித்துச் சொந்தபந்தங்களுக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது. கையெழுத்து மட்டும் விழவில்லை. அதோடு மருதாசலத்தின் குரலில் இருந்தது கேள்வியாகவும் படவில்லை.

"தெரியுதுங்க சார்."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுங்க சார்."

"எனக்கும் அப்படித்தான் பட்டது. தொழில்நுட்ப உறுப்பினர் சொல்லட்டும்னு இருந்தேன்" என்று சபரிநாதன் எழுதிக்கொண்டார். மதியம் விடுப்பில் கையெழுத்து விழுந்தது.

அன்று சாயங்காலம் பெட்டியை ஸ்டோர் ரூமில் வைக்கப்போனவள், கதவைச் சாத்திவிட்டு இரும்பு பீரோவின் பக்கவாட்டில் படத்தைப் போட்டுப் பார்த்தாள். அருமையாகத் தெரிந்தது. ஓர் ஆண் கை குச்சிச் செடியின் கொழுந்தை மெதுவாகத் திருப்பிக் காட்டியது. கொழுந்து சுருண்டு, அதன் இடுக்கில் மாவு அப்பியதுபோல் வெள்ளை வெள்ளையாகப் பூச்சி. முழுப் படத்தையும் பார்த்தாள். மறுநாள் சபரிநாதனிடம் போய், "சார், இருட்டுல படம் ரொம்ப நல்லா இருக்குதுங்க. பொழுது சாஞ்சப்புறம் ஊருக்குள்ள கொண்டுபோய்ப் போட்டா..." என்று இழுத்தாள்.

"ஸ்டோர் ரூம் மதிப்பீட்டு இடமா அறிவிக்கப்படலைம்மா. ஐந்தே முக்காலுக்கு மேல நாம அலுவலர்களும் இல்லை. அலுவலர் இல்லாதவங்க எப்படி மதிப்பிட முடியும்?"

காதுகுத்து சிறப்பாக நடந்தது. மாமன் மடியில் உட்கார்ந்து குழந்தை வீறிட்டு அழுதது, எல்லாரும் சிரித்தார்கள். புரொஜக்டரை அமுதவல்லி சுத்தமாக மறந்தே போனாள்.

அடுத்தது களமதிப்பீடு. ஆட்டையாம்பட்டியைத் தாண்டிய ஓர் ஊரின் சமுதாயக் கூடத்தில், மதியம் மூன்று மணிக்கு. மேற்குப் பக்கம் சுவர் இல்லாத கூடம். வெயில் திண்டு போட்டு உட்கார்ந்ததுபோல் நேராகத் திரையின்மேல் உட்கார்ந்திருந்தது. குச்சிக்காட்டு வேலையை விட்டுவிட்டு விவசாயிகள் வந்திருந்தார்கள். மருதாசலம் பேசினார்.

"விவசாயப் பெருமக்களே! இந்தக் கருவி உங்களுக்காக வந்திருக்கிறது. ஆனால் இன்று நீங்கள்தான் இந்தக் கருவிக்காக வந்திருக்கிறீர்கள். பூச்சி இன்றைக்கு வரும், நாளைக்குப் போகும். மதிப்பீடு அப்படி அல்ல. ஒரு முறை சிறப்பு என்று எழுதிவிட்டால் அது காலத்துக்கும் நிற்கும். ஆகவே பூச்சியைப் பற்றிய கவலையை ஒரு மணி நேரம் ஒதுக்கி வைத்துவிட்டு, படம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்."

கைதட்டல் ஓய்ந்ததும் பெட்டி இயங்கியது. காற்றுச் சத்தம் வந்தது. ஜனங்கள் புருவத்துக்கு மேலே கையை வைத்துத் திரையைப் பார்த்தார்கள்.

இரண்டாவது வரிசையில் காளியண்ணன் என்றொருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது தாண்டியவர். தன் மொபெட்டில் வெங்காய மூட்டையைக் கட்டிக்கொண்டு சேலம் மார்க்கெட்டுக்கு ஒற்றைக் கையால் ஓட்டிப் போகிறவர் என்று ஊரில் பேர். அவர் பக்கத்தில் நின்ற அமுதவல்லியை மெதுவாகக் கூப்பிட்டார்.

"ஏனுங் அம்மணி, பொட்டிக்குள்ள இருந்து காத்துத்தான வருது. படம் எப்பங்க வரும்?"

முன்வரிசையில் மருதாசலத்தின் காது இந்தப் பக்கம் திரும்பியதை அமுதவல்லி கவனித்தாள். குனிந்து, "ஓடிட்டிருக்குதுங்கண்ணா. உத்துப் பாருங்க, கண்ணுக்குப் பழகிரும்" என்றாள்.

காளியண்ணன் உற்றுப் பார்த்தார். கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தார். பக்கத்தில் இருந்தவன் "அட, நல்லா இருக்குதப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். காளியண்ணனின் முகம் மெல்ல வாடியது. சபரிநாதன் ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு வந்தபோது, "தெரியறாப்பல இருக்குதுங்க" என்று தரையைப் பார்த்துச் சொன்னார். கூடத்தில் அவரையும் சேர்த்து மூன்று பேர்தான் இப்படித் தயங்கியவர்கள். மற்ற எல்லாருக்கும் தெளிவாகத் தெரிந்தது.

மூன்று பேரால் மதிப்பெண் குறைந்தது. அதை ஆராய அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"கருவி ஒண்ணுதான். வெளிச்சம் ஒண்ணுதான். எல்லாருக்கும் தெரியுது, மூணு பேருக்குத் தெரியலை. அப்ப கோளாறு எங்கே இருக்கு?" என்று கேட்டார் மருதாசலம். தாமே பதிலும் சொன்னார். "கண்ணில்! ஒரு கருவியின் செயல்திறனை மேம்படுத்தணும்னா முதல்ல பார்க்கிறவனுடைய செயல்திறனை மேம்படுத்தணும். மூணு பேருக்கும் கண் பரிசோதனை. செலவைப் புரொஜக்டர் பராமரிப்புத் தலைப்பில் போடுங்க."

அமுதவல்லி நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள். வாயைத் திறந்தாள். சபரிநாதன் அவள் பக்கம் பிஸ்கட் தட்டை நகர்த்தினார். ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

கண் பரிசோதனைக்கு ஒரு தனியார் மருத்துவமனையிலிருந்து டாக்டர் நித்யஸ்ரீ வேனில் வந்தார். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் முகாம். இரண்டு பேர் வந்தார்கள். பரிசோதித்துவிட்டு டாக்டர் சொன்னார்: "ரெண்டு பேருக்கும் கண்ணு நல்லா இருக்குங்க சார்."

"எவ்வளவு நல்லா?"

"முழுசா நல்லா இருக்கு."

மருதாசலம் கவலைப்பட்டார். "முழுசான்னு எழுதினீங்கன்னா எங்க பெட்டியைக் குத்தம் சொன்ன மாதிரி ஆயிரும் டாக்டர். 'தற்சமயம் நலம்'னு எழுதுங்களேன். அன்னைக்குச் சரியில்லாம இருந்து இன்னைக்குச் சரியாகியிருக்கலாம் இல்லையா? முகாமின் பயனா அதையும் அறிக்கையில சேர்த்துக்கலாம்."

டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய கண்ணையும் பரிசோதிக்கலாமா என்று யோசித்ததுபோல் இருந்தது. பிறகு நலம் என்று மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வேனில் ஏறிப் போனார்.

மூன்றாவது ஆளான காளியண்ணன் வரவே இல்லை. அவரைக் கூட்டிவந்து மதிப்பீட்டை முடிக்கும் பொறுப்பு அமுதவல்லியின் தலையில் விழுந்தது. இரண்டு மூன்று வாரம் அவள் ஏதேதோ சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியும். கடைசியில் ஒருநாள் காலையில் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

காளியண்ணனின் வீடு காட்டுக்குள்ளேயே இருந்தது. வாசலில் அவர் மனைவி பூவாத்தாள் மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தாள். அமுதவல்லியைக் கண்டதும் அருவாளைப் போட்டுவிட்டு எழுந்து இரண்டு கையையும் கூப்பினாள்.

"வாங்க சாமி, வாங்க. உங்களத்தான் நெனச்சுட்டே இருந்தேன். நீங்க மட்டும் அன்னைக்குக் கண்டுபுடிச்சுச் சொல்லாம இருந்திருந்தா, இந்த மனுசன் வண்டிய ஓட்டிட்டுப் போயி எந்த லாரிலயாவது உட்டிருப்பாருங்க. புண்ணியமாப் போச்சு."

"என்னங்கக்கா கண்டுபுடிச்சேன்?"

"அவருக்குக் கண்ணு போச்சுன்னுதானுங்க. ஊரே பாத்த படம் இவருக்குத் தெரியலியாம். அன்னைக்கு ஊட்டுக்கு வந்து உக்காந்தவரு ரெண்டு நாளு பேசவே இல்லீங்க. வண்டிய மருமகனுக்குக் குடுத்துட்டாரு. மார்க்கெட்டுக்குப் போறதில்ல. ஆசுபத்திரி வேனு வந்தன்னைக்கு, கண்ண அறுத்துப்போடுவாங்கன்னு பயந்துட்டு காட்டுக்குள்ள போயிப் பூந்துக்கிட்டாருங்க."

உள்ளே கட்டிலில் உட்கார்ந்திருந்த காளியண்ணன் குரலைக் கேட்டு வெளியே வந்தார். நிலைப்படியைக் கையால் தடவிப் பார்த்துத் தாண்டினார். பகல் பதினொரு மணிக்கு, நல்ல கண்ணோடு ஒருவர் தடவித் தடவி நடந்துவருவதை அமுதவல்லி நின்று பார்த்தாள்.

"அம்மணிங்களா? வாங்க. பரிசோதனைக்கெல்லாம் வாரேனுங்க, கொஞ்சம் மனச தைரியப்படுத்திக்கறேன்."

அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பேச்சை மாற்ற, "காடு எப்புடிங்கண்ணா இருக்குது?" என்று கேட்டாள்.

"அதயேங் கேக்கறீங்க. ஒரு மாசமா கொழுந்துல எல்லாம் வெள்ள வெள்ளயாத் தெரிஞ்சுதுங்க. என்ற கண்ணுல பூ உழுந்துருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். பாக்கற எடமெல்லாம் வெள்ளயாத்தான தெரியும்? இவகிட்டச் சொன்னா அழுவா. அதனால சொல்லாமயே இருந்துட்டேன்."

அமுதவல்லி காட்டுக்குள் இறங்கி நடந்தாள். முதல் வரிசையிலேயே தெரிந்தது. கொழுந்துகள் எல்லாம் முஷ்டி பிடித்ததுபோல் சுருண்டு, இடுக்குகளில் வெள்ளை அப்பிக் கிடந்தது. உள்ளே போகப் போக இலையே இல்லாத குச்சிகள். ஸ்டோர் ரூமில் பீரோவின்மேல் அவள் பார்த்த படம்தான், காடு முழுக்க. ஆரம்பத்திலேயே நுனியைக் கிள்ளி எரித்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அந்த மனிதர் பார்த்துவிட்டார். பார்த்தும் தன் கண்ணை நம்பவில்லை. நம்பாதே என்று சொன்னவள் அவள்.

திரும்பி வாசலுக்கு வந்தாள். நின்றபடியே சொன்னாள்.

"அண்ணா, உங்க கண்ணுல ஒண்ணுமில்லைங்க. காட்டுல இருக்கறது மாவுப்பூச்சி. அன்னைக்குப் படம் தெரியவே இல்லீங்கண்ணா. யாருக்குமே தெரியல. எனக்கும் தெரியல. அந்த வெயில்ல தெரியாதுன்னும் எனக்குத் தெரியும். நாந்தான் ஓடுதுன்னு பொய் சொன்னேன்."

காளியண்ணன் அவளையே பார்த்தார். பிறகு கையை முகத்துக்கு நேரே நீட்டி விரல்களைப் பார்த்தார். தூரத்துப் பனைமரத்தைப் பார்த்தார். "அப்ப என்ற கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்களா? ஏ பூவாத்தா, கண்ணு நல்லாத்தான் இருக்குதாமா!" என்று சின்னப் பையன்போல் சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவரின் பார்வை மெல்லக் காட்டின் பக்கம் போய், அங்கேயே நின்றுவிட்டது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

பூவாத்தாள் சிரிக்கவில்லை. "படிச்சவீங்கன்னு நம்பி உங்களக் கும்புட்டனே சாமி" என்றாள். கீழே கிடந்த அருவாளை எடுத்துக்கொண்டு தட்டு அறுக்க உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் அவள் தலை நிமிரவில்லை.

மறுநாள் இறுதி மதிப்பீட்டுக் கூட்டம். அமுதவல்லி எழுந்து நின்று நடந்ததையெல்லாம் சொன்னாள். முதல் மதிப்பீட்டில் அரங்கிலும் தெரியவில்லை, களமதிப்பீட்டில் கூடத்திலும் தெரியவில்லை, தான் சொன்னது பொய், அதனால் ஒரு காடு போயிற்று என்றாள். அழக் கூடாது என்று நினைத்திருந்தாள், அழுதாள்.

மருதாசலம் பொறுமையாகக் கேட்டார். அவருக்குக் கோபமே வரவில்லை.

"உட்காருங்கம்மா. நிதானமா யோசிப்போம். நீங்க இப்பச் சொல்றது உண்மைன்னா, நீங்க குழுவுக்கு முன்னால பொய் சொன்னவங்க. பொய் சொன்னவங்க பேச்சை வெச்சு ஒரு நிலையம் முடிவெடுக்க முடியுமா? முடியாது. நீங்க இப்பச் சொல்றது பொய்ன்னா பிரச்சினையே இல்லை. எப்படிப் பார்த்தாலும் கருவி தேறுது."

"சார், அந்தக் காடு..."

"காட்டைப் பத்தி மதிப்பீட்டில் கேள்வியே இல்லைம்மா. பிரகாசம், தெளிவு, எடுத்துச்செல்லும் வசதி. மூணுதான் தலைப்பு" என்றார் சபரிநாதன், அவளுக்காக உண்மையிலேயே வருத்தப்பட்டு.

கருவி 'மிகச் சிறப்பு' என்று தேறியது. அதோடு இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. இவ்வளவு உயர்ந்த மதிப்பீடு பெற்ற கருவியைச் சாதாரணமாகப் பயன்படுத்தினால் செயல்திறன் குறைந்து மதிப்பீடு பொய்யாகிவிடும் என்பதால், அதை யாரும் பயன்படுத்தாமல் பீரோவில் வைத்துப் பூட்ட வேண்டும். சாவி மருதாசலத்திடம் இருக்கும். எல்லாரும் கைதட்டினார்கள். கேசரி கொடுத்தார்கள். அமுதவல்லி தன் பங்கைத் தொடவில்லை.

அடுத்த வாரம் அவள் விடுப்பு எடுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனாள். அன்று கூடத்துக்கு வந்த ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தாள். காளியண்ணனும் கூடவே கிளம்பினார். "நானுந்தான தெரியறாப்பல இருக்குதுன்னு சொன்னேன். எனக்கும் பங்கு உண்டுங்க" என்றார். பூவாத்தாள் வாசலில்தான் இருந்தாள். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சொல்வது அவள் நினைத்ததுபோல் லேசாக இல்லை. 'படம் தெரியவே இல்லை' என்று அவள் ஆரம்பித்தால் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்களுக்குத் தெரிஞ்சுதுங்களே! மஞ்சச் சேல கட்டுன புள்ள ஒண்ணு எலையத் திருப்பித் திருப்பிக் காட்டுச்சே" என்றார் ஒருவர். படத்தில் புள்ளையும் இல்லை, மஞ்சள் சேலையும் இல்லை. இன்னொருவர் பாட்டுகூட நன்றாக இருந்தது என்றார். ஒவ்வொரு வீட்டிலும் மோர் கொடுத்து, மரியாதையாகப் பேசி, அவளை நம்பாமல் அனுப்பினார்கள். வெயில் ஏறிக்கொண்டே போனது. இந்த ஊருக்குப் பொய்யைக் கொடுத்துவிட்டுப் போவது எவ்வளவு சுலபமாக இருந்தது, திருப்பி வாங்குவது எவ்வளவு சிரமமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர்க்கோடியில் சென்னியம்மாள் என்ற பெண்ணின் வீடு. புருஷன் ரிக் வண்டியில் வடக்கே போயிருந்தான். ஆழ்துளைக் கிணறு போடுகிற வண்டி ஊர் திரும்ப மாசக்கணக்காகும். காட்டைப் பார்ப்பது அவள்தான்.

"நல்லாத் தெரிஞ்சுதுங்க" என்றாள் சென்னியம்மாளும், கேட்பதற்கு முன்னாலேயே.

அமுதவல்லிக்கு இதற்குமேல் பேசத் தெம்பில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நேராகக் காட்டுக்குள் போனாள். மூன்று வரிசை தாண்டியதும் கண்ணில் பட்டது. நாலைந்து செடிகளில் மட்டும், கொழுந்தின் அடியில் வெள்ளை.

"அது பனிங்க. காலைல விழுந்தது" என்று பின்னாலேயே வந்த சென்னியம்மாள் சொன்னாள்.

அமுதவல்லி அவள் கையைப் பிடித்து இழுத்து, அவள் விரலாலேயே அந்த வெள்ளையை நசுக்கவைத்தாள். விரலில் பசைபோல் ஒட்டியது. அதற்குள் சின்னதாக ஏதோ கால்களை அசைத்தது. சென்னியம்மாள் விரலை வெயிலுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். காளியண்ணன் வரப்பில் உட்கார்ந்து தலைத்துண்டை அவிழ்த்தார்.

"அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலீங்" என்றாள் கடைசியில், மெல்லிய குரலில். "பக்கத்துல எல்லாரும் தெரியுதுன்னாங்க. பொம்பளைக்கு மட்டும் தெரியலீன்னா சிரிப்பாங்கன்னு..."

"எனக்கும் அப்புடித்தானுங்க" என்றாள் அமுதவல்லி.

"நீங்க ஆபீசருங்க. நீங்க மொதல்ல தெரியலீன்னு சொல்லியிருந்தா நாங்க எல்லாருமே சொல்லியிருப்போம்."

கோபமாகச் சொல்லவில்லை. விதை நட்டால் முளைக்கும் என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பி, அருவாளும் தீப்பெட்டியும் எடுத்துவரப் போனாள். அமுதவல்லி குனிந்து, முதல் செடியின் நுனியைக் கிள்ளினாள்.